கண்ணீரின் பழி

திண்டிவனத்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் இருதயமேரிக்குக் கண்ணில் பிரஷர். பார்வை போய்விடாமல் இருக்க வருடக்கணக்காகச் சொட்டு மருந்து விட்டுவந்தார். போகப்போகக் கண் சிவந்தது. மண் விழுந்ததுபோல உறுத்தியது. தைக்க உட்கார்ந்தால் தண்ணீர் வழிந்தது.

தைக்கக் கொடுத்த புடவையை வாங்க வந்த பானுப்ரியா ஒருநாள் குரலைத் தாழ்த்தி, மருமகள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இருதயமேரி பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலையில்தான் குழம்பில் உப்பு கூடியதற்காக மருமகள் புனிதாவோடு மனத்தாங்கல். ஒருத்தி தனக்காக இரக்கப்பட்டது இதமாக இருந்தது. பிறகு கேட்டவர்களிடமும் அப்படியே இருந்துவிட்டார்.

பேச்சு புனிதாவின் பிறந்த ஊரான முகையூர் வரை போனது. புனிதாவின் அப்பா மாசிலாமணி பஸ் ஏறி வந்து, வாசலிலேயே கைகூப்பி நின்றார்.

"எம்பொண்ணு எதனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிக்கங்க சம்பந்தி."

இருதயமேரிக்கு உடம்பு கூசியது. அப்போதும் உண்மை வாயில் வரவில்லை. உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் போனபின் புனிதா சண்டை போடவில்லை. மறுநாள் மாமியாரை விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் கண்ணில் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"மனக்கஷ்டத்துல அழுவுறாங்களா டாக்டர்?" என்று புனிதா மெதுவாகக் கேட்டாள். இருதயமேரி தலையைக் குனிந்துகொண்டார்.

மருந்துதான் காரணம் என்றார் டாக்டர். பாட்டிலில் கிருமி சேராமலிருக்க ஒரு ரசாயனம் கலப்பார்கள். நாள்பட விட்டதில் அது கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கி, ஈரப் படலத்தையும் கெடுத்திருந்தது. அந்த எரிச்சலில்தான் தண்ணீர் கொட்டியது. ஆனால் மருந்தை நிறுத்தினால் பார்வை போகும் என்று எச்சரித்து, அந்த ரசாயனம் இல்லாமல், ஒரு வேளைக்கு ஒன்றாக உடைத்து விடும் சின்னக் குப்பிகளில் வரும் மருந்தை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் இருதயமேரி சொன்னார்: "கேட்டப்பவே இல்லன்னு சொல்லியிருக்கணும். வுட்டுட்டேன் புனிதா."

"எங்கப்பாகிட்ட சொல்லுங்க அத்தை" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

வீடு வந்ததும் மாசிலாமணிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் போனைப் புனிதாவிடம் கொடுக்கச் சொன்னார்.

சில மாதங்களில் கண் தெளிந்தது. பானுப்ரியா வந்து உற்றுப் பார்த்தாள்.

"இப்ப மருமக திருந்திட்டாளா?"

மருந்தின் கதையை இருதயமேரி முழுதாகச் சொன்னார். புனிதா மேல் ஒரு தப்பும் இல்லை என்றார். மருமகளை விட்டுக்கொடுக்காத நல்ல மனசு என்று சொல்லிவிட்டு, பானுப்ரியா புடவையை வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே புனிதா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.