மேலக்காவின் மூன்று கிலோ

குழாய்த் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வேலை மேலேதான். ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, நாலு டன் இரும்புக் குழாயைத் தூக்கி, லாரிக்காரனுக்கே தெரியாமல் லாரியில் இறக்கிவைப்பாள். அவ்வளவு பூப்போல இறங்கும்.

கூண்டுக்குப் போக ஐம்பத்தெட்டுப் படி வைத்த நெட்டு ஏணி. காலையில், டீ முடிந்து, சாப்பாடு முடிந்து, சாயங்கால டீ முடிந்து என்று நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குவாள். அதை ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை.

அவளுக்கு ஐம்பது வயதான வருஷம் புது மேனேஜர் வந்தார். வந்த சூட்டோடு சூடாக எல்லோரையும் எடை பார்க்கச் சொன்னார். ஏணி ஏறுகிறவர்கள் எண்பது கிலோவைத் தாண்டக்கூடாதாம், பாதுகாப்பு விதியாம். மேலக்கா தொண்ணூற்றொரு கிலோ இருந்தாள். ஐந்து மாதம் தவணை கொடுத்தார்; அந்த ஐந்து மாதமும் அவள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வாய்தா வாங்குகிற ஆள் இல்லை. இனிப்பை நிறுத்தினாள், பொரித்ததை நிறுத்தினாள், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாள். ஐந்து மாதத்தில் எட்டு கிலோ இறங்கியது. ஊரே மெச்சியது. ஆனால் சோதனை நாளில் எந்திரம் எண்பத்து மூன்று காட்டியது.

"இன்னும் மூணு கிலோ இருக்கே மேடம்" என்றார் மேனேஜர். "அதையும் குறைச்சிட்டு வாங்க. கூண்டு எங்க ஓடிப்போகுது?"

அதுவரைக்கும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சீட்டு எழுதச் சொன்னார். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. கூண்டில் அவளுக்குப் பதிலாக 'ஆட்டம்' என்று பட்டப்பேர் வாங்கிய ஆளை ஏற்றினார்கள். அவர் தூக்குகிற எதுவும் நேராக நிற்காது, ஊஞ்சல் ஆடும். அதனால் வந்த பேர்.

பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. முதல் மாதம் எண்பத்து மூன்று. இரண்டாம் மாதம் எண்பத்து மூன்றும் சொச்சமும். மூன்றாம் மாதம் ஒரு நூறு கிராம் இறங்கி, நாலாம் மாதம் மறுபடி எண்பத்து மூன்றில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அவள் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டாள். நடையை ஒன்றரை மணி நேரமாக்கினாள். தலைமுடி கொட்டியது, படுத்தால் பசியில் தூக்கம் வரவில்லை, யாராவது நல்ல வார்த்தை சொன்னால்கூட எரிந்து விழுந்தாள். முள் மட்டும் நகரவில்லை.

ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "வாயைக் கட்டணும்மா" என்றார். நாத்தனார், "அண்ணி சமைக்கும்போதே ருசி பார்ப்பாங்களோ என்னவோ" என்று இழுத்தாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தால், அவள் புருஷன் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தார். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல... ஒரு பேனா."

"கடை நிறைய பேனா வெச்சிருக்கிற ஆளுக்கு என் சாப்பாட்டுப் பையிலதான் பேனா கிடைக்குமா?"

அவர் மென்று முழுங்கினார். "கோவிச்சுக்காத. நாலு மாசமா ஒரு கிராம் இறங்கல. காத்தைக் குடிச்சா எடை நிக்கும்? நீயே சொல்லு."

அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு வெள்ளரிக்காய், ஒரு ஆப்பிள், தண்ணீர் பாட்டில். வெள்ளரிக்காய் உருண்டு அவர் காலடியில் விழுந்தது.

"இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். ஒரு பொய் சொல்லியிருக்கேனா? ஒரு எந்திரம் சொல்றதை நம்புவீங்க, நான் சொல்றதை நம்ப மாட்டீங்க, அப்படித்தானே?"

அவர் குனிந்து வெள்ளரிக்காயை எடுத்துப் பையில் போட்டார். அவளுக்கு வயிறு எரிந்தது. பசியில் ஒரு எரிச்சல், இதில் ஒரு எரிச்சல்.

தொழிற்சாலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வருவாள். அடுத்த எடைக்குப் போனபோது மேலக்கா முந்திக்கொண்டாள். "என்ன சாப்பிடுறேன்னு மட்டும் கேக்காதீங்க சிஸ்டர். கேட்டீங்கன்னா இந்த எந்திரத்தைத் தூக்கி வெளியே போட்டுடுவேன்."

நர்ஸ் சிரிக்கவில்லை. "அதைக் கேக்கல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன பண்றீங்க?"

"சீட்டு எழுதுறேன்."

"உட்கார்ந்தா?"

"நின்னுக்கிட்டா எழுதுவாங்க?"

"எட்டு கிலோ குறைஞ்சப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மேலக்கா ஏணியைச் சொன்னாள். நர்ஸ் ஒரு தாளில் ஐம்பத்தெட்டை நாலால் பெருக்கினாள். ஏற இருநூற்று முப்பத்திரண்டு, இறங்க அதே அளவு, வாரத்துக்கு ஆறு நாள். "இதை எடுத்துட்டு உங்களுக்கு நாற்காலி கொடுத்தது யாரு?"

மேலக்கா அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். காது மடல் வரைக்கும் சூடேறியது. "அவங்கதான். ஏறாதேன்னு காலைக் கட்டிப் போட்டதும் அவங்கதான், ஏன் குறையலன்னு கேக்குறதும் அவங்கதான்!"

"இது மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் நர்ஸ். "எட்டு கிலோ குறைஞ்ச உடம்புக்குத் தேவையும் குறைவு. மாதவிலக்கு நின்ன வயசு வேற. அரைப் பட்டினி கிடந்தா கொழுப்போட தசையும் கரையும், தசை போச்சுன்னா உடம்பு செலவு பண்றதும் குறையும். தூக்கமும் இல்ல. நீங்க ஒண்ணும் ஏமாத்தல. இன்னும் பட்டினி கிடக்குறதுதான் தப்பு."

நீங்க ஒண்ணும் ஏமாத்தல. இதைச் சொல்ல நாலு மாதத்தில் ஒரு ஆள் கிடைத்தது. மேலக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் ரத்தமும் எடுத்துப் பார்த்தாள். அதில் குறை ஒன்றும் இல்லை. முட்டையும் பயறும் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்கக்கூடாது, கனமாக எதையாவது தூக்கிப் பழக வேண்டும் என்றாள்.

மேலக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். "மேலேதானே ஏறக்கூடாது? கீழே வேலை கொடுங்க. குழாய்க்குச் சங்கிலி மாட்டுறேன்."

"அது ஆம்பளைங்க வேலை மேடம்."

"அவங்க மாட்டினதைத்தான் பத்தொன்பது வருஷமா தூக்கியிருக்கேன். எது சரியா மாட்டினது, எது அரைகுறைன்னு உங்களைவிட எனக்குத் தெரியும்."

தலைவலி விட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாளிலிருந்து சங்கிலியைத் தோளில் போட்டு இழுத்தாள், குனிந்து மாட்டினாள், ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். முதல் வாரம் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. போதாததற்குத் தலைக்கு மேலே ஆட்டம். "யோவ், குழாயை நிறுத்திட்டு அப்புறம் நகர்த்துய்யா! தாலாட்டுப் பாடவா உன்னை ஏத்தினாங்க?" என்று அவள் போடுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும்.

இரண்டு வாரம் கழித்து எந்திரம் எழுநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. வீட்டில் சொன்னபோது புருஷன் வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். நர்ஸ் மட்டும், "புதுசா பாரம் தூக்கினா உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், பயப்படாதீங்க" என்றாள். அன்று இடுப்பைச் சுற்றி நாடா பிடித்துப் பார்த்ததில் இரண்டு விரல் குறைந்திருந்தது.

ஒன்றரை மாதத்தில் முள் எண்பத்து மூன்றை விட்டு இறங்கியது. ராத்திரி அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். ஒரு காலையில் புருஷன் முட்டையை உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அன்னைக்குப் பையைத் தொறந்தது என் தப்புதான்" என்றார். "தப்புதான்" என்றாள் அவளும். அதற்கு மேல் அவருக்குச் சலுகை எதுவும் தரவில்லை.

சங்கிலி மாட்ட வந்த நாலாவது மாதம் மறுபடி சோதனை. எண்பது கிலோ நானூறு கிராம்.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "நானூறு கிராம்தான். ஆனா விதின்னா விதி. அடுத்த மாசம் பார்ப்போமா?"

அவளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. "அந்த விதியை எழுதின தாளைக் காட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"ஒரு வருஷமா அதுக்காகத்தான் வயித்தைக் கட்டுறேன். மூஞ்சியைப் பார்க்க வேணாமா?"

பக்கத்தில் எடையை எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் அலமாரியிலிருந்து பாதுகாப்பு விதிக் கோப்பை எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஏணியின் பாதுகாப்புக் கயிறு, ஆளும் ஆள் சுமக்கும் பொருளும் சேர்ந்து நூறு கிலோ தாங்கும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. எண்பது என்ற பேச்சே இல்லை.

"இருபதை எங்க விட்டீங்க?" என்றாள் மேலக்கா.

"அது... மேலே போறவங்க கையில டூல் பேக் இருக்கும்ல. அதுக்குக் கழிச்சிருக்கேன்."

"அது மெக்கானிக் கொண்டுபோற பை. நான் ஒரு தண்ணி பாட்டிலைத் தவிர வேற எதையாவது கொண்டுபோய்ப் பார்த்திருக்கீங்களா?" அவள் நூறு என்ற எண்மேல் விரலை வைத்தாள். "அப்போ தொண்ணூத்தொண்ணு இருந்தப்பவே நான் ஏறியிருக்கலாம். அப்படித்தானே?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி, போனது போகட்டும். எப்படியோ உடம்பு குறைஞ்சிருக்கு. நல்லதுதானே?"

"குறைச்சது நான். குறை சொன்னதுதான் நீங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்காதீங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விதியைத் திருத்தி எழுதி, கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினால்தான் எழுந்திருப்பேன் என்றாள். இதே எண்பதைக் காட்டி ஏணி ஏறவிடாமல் இறக்கிவைத்த இன்னொரு ஆள் ஒரு பெயின்டர்; அவரும் ஏறலாம் என்று அவர் பெயரையும் அதில் சேர்க்கச் சொன்னாள். ஒட்டுகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஏணி ஏறினாள். பாதியில் ஒரு தடவை நிற்கிற வழக்கம் முன்பு உண்டு. இந்தத் தடவை நிற்கத் தேவைப்படவில்லை. சங்கிலி வேலையையும் அவள் விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் கீழே இறங்கி மாட்டுவாள். எடை எழுபத்தொன்பதிலும் எண்பதிலும் போய்வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் தொழிற்சாலையில் கதை வேறு மாதிரி பரவிவிட்டது. மேலக்கா மூணு கிலோவைக் குறைச்சு மேலே போயிட்டா என்று பெருமையாகவே சொல்கிறார்கள். காதில் விழுந்தால் அவள் கூண்டின் ஜன்னலைத் திறந்து கத்துவாள்: "அந்த மூணு கிலோவைக் கேக்க எவனுக்கும் உரிமையே இல்லய்யா! அதை மொதல்ல சொல்லுங்க!"