ஐந்து மணிக்குக் குரைத்த நாய்

ராஜபாளையத்தில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். சாயங்காலம் டீக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்தால்தான் எனக்குப் பொழுது போகும். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் பின்கட்டில் படுத்திருந்தபோது அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. தினமும் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு நாய் மட்டும் வாசலில் விடாமல் குரைக்கும். 'இவ்வளவுதானா பழக்கம்' என்ற வெறுப்பில் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரைகளையும் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டேன். மறுபடி வலி வந்து, பிழைத்ததே பெரிய காரியம்.

தேறியபின் மடவார் வளாகம் கோயிலுக்குப் போனேன். அங்கே என்னைக் கண்டதும் டீக்கடை நண்பர் காசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்யா, சாகக் கெடந்தேனே, ஒரு தடவ வந்து பாத்தீரா?" என்று கேட்டேவிட்டேன்.

"தெனம் வந்தமய்யா! ஒம்ம மகன் நாயை அவுத்து விட்டுட்டு, 'அப்பா யாரையும் பாக்க மாட்டேங்காக'ன்னு கேட்டோட அனுப்பிட்டான்."

வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன்.

"ஒங்களுக்கு ரெஸ்ட் வேணும்லப்பா. நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

இப்போதெல்லாம் நாலரைக்கே நாயை நானே கட்டிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அது குரைத்தாலும் அதட்டுவதில்லை. இந்த வீட்டில் என்னிடம் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.