பெரட்டு மணி அடித்த விடியல்

மலேசியாவின் மூவாரில் நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலை, லாபிஸில் மூன்று மாடி வீடு, எல்லாம் ஆறாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை. இன்று ரப்பர் ஒட்டுப்பால் நாற்றத்தோடு ஒரு லாரி கடந்ததும், இப்போது செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளும், இருட்டிலேயே வேலையாட்களைக் கூட்டும் பெரட்டு மணியும், இடைநிலைப்பள்ளிக்குப் போக நான் வெள்ளை பூசிக் காயவைத்த சப்பாத்தின் ஈர வாசமும் நினைவுக்கு வந்தன.

அப்போது அப்பா படுத்த படுக்கை, அம்மா அவரைவிட்டு நகரமுடியாது. வீட்டிலிருந்து ஓர் ஆள் பால்வெட்டப் போகாவிட்டால் லயத்து வீடு போய்விடும்.

"அக்காவ நிறுத்திறலாம்டா, பொம்பளப் புள்ளதானே" என்றார் அம்மா.

"அது நல்லா படிக்குதும்மா. பெரட்டுல என் பேரக் குடுத்துருங்க."

பால்வாளியோடு பெரட்டில் நின்றபடி, அக்கா ஏறிய பள்ளி லாரியின் சிவப்பு விளக்கு ரப்பர் மரங்களுக்குள் மறைவதைப் பார்ப்பேன். அடுத்த வருடம் நானும் ஏறவேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. வருடங்கள் வந்தன, அப்பா எழவேயில்லை.

தலைமையாசிரியையாக இருந்த அக்காவுக்குப் போன வாரம் பழைய மாணவர்கள் விழா எடுத்தார்கள். மேடையில் சாமிக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொன்னார். என் பெயர் வரவில்லை. அக்கா, உன் படிப்பில் பாதி நான் வெட்டிய பால். அடுத்த மேடையில் அதை என் பெயரோடு நீ சொல்லியே ஆகவேண்டும்.