வலக்கையிலை இருந்த பந்து

அமெரிக்கன் ஃபுட்போல் எண்டால் பலேர்மோவிலை எங்கடை சனத்துக்கு ஒரு மண்ணும் விளங்காது. தலைக்கவசம் போட்டு ஆளை ஆள் இடிச்சு விழுத்திற விளையாட்டு. அதிலை பந்தை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு, இடிச்சுப் பூந்து ஓடுற ஆள் நான். ஆறு வருஷம் ஓடினன். காலமை லிபெர்த்தா றோட்டிலை சிஞ்ஞோரா எண்டு கூப்பிடுற ஒரு இத்தாலிய அம்மாவின்ரை வீட்டு வேலை, பின்னேரம் மைதானம்.

சம்பளம் குடுக்கிற வடக்குக் கிளப்புகள் ஆள் எடுக்க வந்த நாள், எங்கடை அணியிலை நாலு பேரைக் கூப்பிட்டாங்கள். ஓட்டத்திலை நான்தான் முதல். எண்டாலும் கட்டையன் எண்டு தள்ளிப்போட்டாங்கள். கோதாரி, பந்தலுக்குக் கால் நடவே ஆள் தேடினவங்கள்? 

பிறகு அதிலை ஒரு கிளப்பிலை ஓடுற பெடியனுக்கு முழங்கால் பிசகிப் போச்சு. வேறை ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டாங்கள். சீசன் முடிய ஒரு மாசம் இருக்கு, நல்லா ஓடினால் அடுத்த வருஷம் ஒப்பந்தம் எண்டார் பயிற்சியாளர். சிஞ்ஞோரா வேலைக்கு அம்மாவை மாத்தி விட்டிட்டு ஜெனோவாக் கப்பல் ஏறினன். மூண்டு மட்ச் மைதானக் கரை வாங்கிலை குந்தியிருந்ததுதான் மிச்சம். கடைசி மட்சிலைதான் இறக்கினாங்கள்.

ரெண்டுதரம் நல்லா ஓடினன். மூண்டாம் தரம் நடுவிலை வழி திறந்தது. அங்காலை மறிக்க ஒருத்தனும் இல்லை. அப்ப பாத்து, கீழை விழுந்து கிடந்தவன்ரை தலையிலை என்ரை கால் பட்டுது. ஆளிலை கால் பட்டால் தொட்டுக் கண்ணிலை ஒத்தவேணும் எண்டு நான் நடை பழகேக்கையே அம்மா பழக்கினது. யோசிக்க முதலே குனிஞ்சு தொட்டிட்டன். இடக்கை சும்மாதான் இருந்தது. ஆனா இடக்கையாலை தொடுறதோ? வலக்கைதான் போச்சு. பந்து அதுக்குள்ளைதான் இருந்தது. உருண்ட பந்தை அவங்கள் எடுத்துக்கொண்டு ஓடிட்டாங்கள்.

ஏன் பந்தை விட்டனி எண்டு பயிற்சியாளர் கேட்டார். நான் இஞ்சை பிறந்தவன், இத்தாலியன் தண்ணிபோலை கதைப்பன். இதைச் சொல்ல மட்டும் ஒரு வசனம் வரேல்லை. கை வழுக்கினது எண்டு பொய் சொன்னன். கை வழுக்கிறவன் தனக்கு வேண்டாம் எண்டு அனுப்பிப்போட்டார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பார். ஆனா அந்தப் பொய் இப்பவும் சுடுது.

வீட்டை வந்தால், கிளப் நெற்றிலை போட்ட அந்த மட்ச் வீடியோவை அம்மா போனிலை வைச்சிருக்கிறா. நான் குனிஞ்ச இடத்திலை நிப்பாட்டி, கனடாச் சித்தி வரைக்கும் காட்டியாச்சு. ஏன் திரும்பி வந்தனி எண்டு கேக்கக்கூட இல்லை, முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த இடிபடுற நேரத்திலையும் தொட்டுக் கண்ணிலை ஒத்தினனி ராசா. அது போதும் எனக்கு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எனக்குப் போதாதம்மா. எனக்கு அந்தக் கிளப்பிலை இடம்தான் வேணும்."

நான் அம்மாவோடை அப்பிடிக் கத்தினது அதுதான் முதல்தரம். அவ சிரிப்பை விட்டிட்டு, போனை எடுத்து வீடியோவைக் கடைசிவரைக்கும் ஓடவிட்டா. பந்து உருண்டு போறதை அப்பதான் கண்டா. அதுக்குப் பிறகு அந்த வீடியோவை அவ ஒருத்தருக்கும் காட்டேல்லை.