மடக்கி வைத்த கால்

டிரைவிங் ஸ்கூலின் பழைய ஃபியட்டில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஜன்னலில் வைத்தே கறுத்துப்போன இடது முழங்கை. ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டுவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதற்கா பணம் கட்டினேன்?

ஒருநாள் காலை, அடையாறு பாலத்து ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் ஒரு பஸ், விடாத ஹாரன். மறுபடி ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டேன். மறுபடி ஆஃப். வண்டி பின்னால் உருண்டது.

"பிரேக் போடுங்க!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"உங்க காலு கீதுல்ல மேடம், மிதிங்க."

மிதித்தேன். பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. திட்டுவதற்குத் திரும்பினேன். மடக்கிய காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

பாலம் தாண்டியதும் கேட்டேன், "இடிச்சிருந்தா?"

"முன்னல்லாம் நான்தான் மிதிச்சிக்கினு இருந்தேன் மேடம். எங்கிட்ட கத்துக்கினு ஒரு அம்மா லைசென்ஸ் வாங்கிச்சு. சொந்த வண்டி, தனியா ஓட்டுது, மேட்டுல பின்னாடி போவுது, பக்கத்துல நான் மிதிப்பேன்னு குந்திக்கினு இருந்துச்சாம். ஆஸ்பத்திரில அதுவே சொல்லிச்சு." ஜன்னல் பக்கம் திரும்பி, "தப்பு என்னுது மேடம்" என்றார்.

இன்றும் ஏற்றத்தில் வண்டி பின்வாங்கினால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது. காலைப் பிடித்திருந்த அவருடைய இரண்டு கைகளும் எப்போது தளர்ந்தன என்றுதான் தெரியவில்லை.