மாப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்த மீன் தலை

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்றுதான் மச்சினனோடு மீன் வாங்கப் போனேன். போயிருக்கவே கூடாது.

கடற்கரை இல்லாத ஓட்டப்பிடாரத்துக்காரனான எனக்கு மீன் என்றால் தட்டில் வருவதுதான். தூத்துக்குடி மாமியார் வீட்டில் ஞாயிறுதோறும் பொரித்த தலை மாப்பிள்ளைக்கு.

"இவியதான் எங்க அத்தான்" என்று மச்சினன் சொன்னதும், மீன்கார அக்கா பெருமையாக ஒரு பாறை மீனின் வாயைத் திறந்து காட்டினார்.

உள்ளே நாக்கு இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக, கொழுகொழுவென்று, நிறையக் கால்களோடு ஒரு பூச்சி உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"ஏலே, என்னது இது?"

"மீன் பேன் அத்தான். ரத்தத்தக் குடிச்சி நாக்கக் காய வச்சிட்டு, அதுவே நாக்கு மாதிரி உக்காந்துக்கிடும். உலகம் பூரா கடல்ல உள்ளதுதான்."

மீனைத் தள்ளி வைத்தேன். "வேற மீன் குடுங்கக்கா."

அக்கா குழம்பிப்போனார். "ஒங்க மாமியாதான தம்பி, வாரா வாரம் இது உள்ள தலையாக் கேக்காவ? மருமவனுக்கு அந்த மொறுமொறுப்புதான் உசுருன்னு சொன்னாவளே!"

உண்மைதான். கல்யாண விருந்தில் நான்தான் சொன்னேன்: "மாமி, தலைக்குள்ள மொறுமொறுன்னு ஒண்ணு இருந்துச்சே, பிரமாதம்!"

மச்சினன் அந்த மீனையே வாங்கிவிட்டான்.

இப்போது தட்டு வந்துவிட்டது. நான் கடிப்பதைப் பார்க்க மாமி ஆசையோடு எதிரில் நிற்கிறார். மேசைக்கு அடியில் போனை வைத்து இதை எழுதுகிறேன்.

மாமியார் மனம் நோகாமல், இந்த நிமிடத்திலிருந்து சைவமாவது எப்படி? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். ஆறிப்போனால் மொறுமொறுப்பு போய்விடுமாம்.