வண்டிக்குள் கட்டிய பனியன் துணி

தீபாவளிக்கு முந்தைய நாள் காலை ஏழரை மணிக்கு, திருப்பூரில் மண்ணரையைத் தாண்டுவதற்குள் என் கார் நின்றுபோனது. விருதுநகர் பக்கம் எங்கள் ஊரில் அம்மா சாகக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று விடியற்காலையில்தான் தம்பி போன் செய்திருந்தான். "முழிச்சுத்தாண்ணே இருக்கு. நீ எங்க வர்றன்னு கேக்குது. வெரசா வாண்ணே."

எதில் வெரசாகப் போவது? போனஸ் வாங்கிய கையோடு திருப்பூரே ஊருக்குக் கிளம்பும் நாள் அது. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். வாடகைக் கார் கேட்டால் போனிலேயே சிரித்தார்கள். பதினைந்து வருடம் ஓடிய என் கிழட்டு வண்டியை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

அதற்கு ஒரு மாதமாகவே நோக்காடு. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும். சூடேறியதும் புகை கறுக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும், சிக்னலில் நின்றால் உதறி அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறினால்தான் மறுபடி உயிர் வரும். எனக்குத் தெரியாததா என்று செல்போனில் நாலு வீடியோ பார்த்தேன். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் திராட்டில் சென்சார்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். துணியில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிப்பவன், இதைக் கண்டுபிடிக்க மாட்டேனா என்ற திமிர்.

தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த ஒர்க் ஷாப்பில் சாமி படத்துக்குப் பூப்போட்டுவிட்டு மெக்கானிக் ஷட்டரை இறக்கப் போனார். நிலைமையைச் சொன்னதும் பானெட்டைத் திறந்தார். கரண்ட் அளக்கும் மீட்டரை அந்தத் திராட்டில் சென்சாரில் வைத்து, என்னை மெதுவாக மிதிக்கச் சொன்னார்.

"நம்பர் சீராத்தானுங்க ஏறுது. எங்கயும் குதிக்கலீங்க. இது நல்லாத்தானிருக்குது. சூட்டைப் பாக்கற சென்சாரு ஒண்ணு இருக்குதுங்க, மொதல்ல அதைப் பாத்துப்போடலாமுங்க."

"அதெல்லாம் அப்புறம் பாப்போம். இதை மாத்துங்க. எனக்கு நேரமில்ல" என்று கத்தினேன்.

"ஏனுங்ணா, சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க…"

நான் கேட்கவில்லை. அவருடைய டூவீலரை வாங்கிக்கொண்டு பழைய சாமான் கடைகளைத் தேடி ஓடினேன். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அனுப்பர்பாளையம் வரை போய், ஒரு கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, அந்தச் சென்சாரை வாங்கிக்கொண்டு திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் தம்பி இரண்டு முறை கூப்பிட்டான். கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன் என்று பொய் சொன்னேன்.

மாட்டினார். ஸ்டார்ட் செய்தோம். சூடேறியது, உதறியது, அணைந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அவர் குனிந்து, முதலில் சொன்ன அந்தச் சூட்டுச் சென்சாரில் மீட்டரை வைத்தார். கை வைக்க முடியாத கொதிப்பில் இருந்த எஞ்சின் ஐஸ் பெட்டிக்குள் கிடப்பதாக மீட்டர் காட்டியது.

"எஞ்சினு இன்னும் குளுந்தே கெடக்குதுன்னு நெனச்சு, கம்ப்யூட்டரு பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்குதுங்க" என்றவர், உள்ளே விரலை விட்டு எதையோ உருவினார். "இதை ஆருங்க கட்டுனது?"

பனியன் வேஸ்ட். நான்தான் கட்டினேன். ஆடி மாதத்தில் இந்தச் சூட்டுச் சென்சாரின் ஒயர் சொருகும் இடத்தில் கிளிப் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த வெள்ளைத் துணியில் ஒரு நீளம் கிழித்து, இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன். எங்களுக்கு எதற்கும் அதுதான். கை துடைக்க, பைப் ஒழுகினால் சுற்ற, டிபன் கேரியர் ஆடினால் கட்ட. வருடாவருடம் பொங்கலுக்கு அம்மாவுக்கும் ஒரு மூட்டை கொண்டுபோவேன். துவைத்து மடித்து வைத்து, அடுப்பிலிருந்து சட்டி இறக்க வைத்துக்கொள்வாள். காருக்குள் நான் கட்டியது, கசிந்த ரேடியேட்டர் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறி, உள்ளே இருந்த பின்களில் பச்சையாகக் களிம்பு ஏற்றியிருந்தது.

அவர் பழைய திராட்டில் சென்சாரையே திருப்பி மாட்டினார். களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, கிளிப்புக்குப் பதில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினார். இருபது நிமிடம். அவ்வளவுதான் வேலை. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பதறாமப் போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. வண்டி ஓர் இடத்தில்கூட உதறவில்லை. அது அவ்வளவு நன்றாக ஓடியதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருமங்கலம் தாண்டும்போது போன் அடித்தது. தம்பிதான். பின்னால் பெண்கள் அழும் சத்தம் மட்டும் கேட்டது. ஓரமாக நிறுத்தி மணியைப் பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பேன். அந்தக் கடைகளைத் தேடி நான் அலைந்தது இரண்டு மணி நேரம்.

வீட்டுக்குள் போனபோது அம்மாவைக் கிடத்தி, வாய் திறந்துகொள்ளாமலிருக்க நாடிக்கட்டு கட்டியிருந்தார்கள். அவசரத்துக்குக் கையில் கிடைத்ததைக் கிழித்துக் கட்டினேன் என்றான் தம்பி. வெள்ளைப் பனியன் துணி. நான் கொண்டுவந்து கொடுத்தது.